வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில்

என் மாமனாரின் கைக்கடிகாரத்தை முதன்முதலாக நான் கையில் வாங்கியது செண்பகத்தோப்பில், ஒரு மோட்டார் ரூம் மொட்டைமாடியில். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தரையில் தேங்கிய தண்ணீரில் நின்று கால்விரல்கள் விறைத்துப்போயிருந்தன. பொழுது மங்கிக்கொண்டிருந்தது. எதிரே மலை, மலையை மூடிய மேகம், அந்த மேகத்துக்குள் எங்கேயோ என் வீட்டுக்காரர்.

மாமனார் ரெண்டடி தள்ளிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் தெரியாது. எனக்கு அந்தக் கடிகாரம் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் என் மாமியார் நின்றார். வாக்கப்பட்டு வந்து வருஷக்கணக்கில் ஆகியும் நானும் மாமனாரும் ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசியது கிடையாது.

அன்றைக்குப் பேச வேண்டியதாகிவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் இந்தத் தொடரை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "மாமனாரின் பிளேன் வாட்ச்" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். காய்கறிக் கடையில் பார்க்கிறவர்கள்கூட "அது என்ன வாட்ச்சும்மா?" என்று பிடித்துக்கொள்கிறார்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைலட்டும் இல்லை, கண்டக்டரும் இல்லை

மாமனார் வாலிபத்தில் விமானப்படையில் இருந்தவர். விமானம் ஓட்டியவர் இல்லை. ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒரு சின்ன மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இப்போது எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர். நேவிகேட்டர் என்பார்கள். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் இதைப் புரியவைக்க முடிந்ததில்லை. "பைலட்டா?" என்பார்கள். "இல்லை" என்றால், "அப்ப கண்டக்டரா?" என்பார்கள். மாமனாருக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

அந்த வேலையின் மிச்சம்தான் அந்த வாட்ச். ஊரைவிட்டுக் கப்பல் ஏறிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கியதாம். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. உண்மையைச் சொல்வதற்கு என்ன? வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி அதற்குத்தான் முதல் மரியாதை. காலையில் வானொலியில் செய்திக்கு முன்னால் பீப், பீப் என்று மணி அடிக்கும் இல்லையா, அந்த நேரத்தில் வீட்டில் அம்மி ஓடக்கூடாது, குழாய் திறக்கக்கூடாது, யாரும் இருமக்கூடாது. மாமனார் வாட்ச்சின் சாவியை வெளியே இழுப்பார். நொடிமுள் அப்படியே நின்றுவிடும். கடைசி பீப் வரும்போது சாவியை உள்ளே தள்ளுவார், முள் கிளம்பிவிடும். அதற்குப் பிறகுதான் எங்களுக்கெல்லாம் மூச்சு.

"உலகத்துல எல்லாக் கெடியாரமும் ஓடத்தான் செய்யும். நிப்பாட்டத் தெரியணும். அதான் இது" என்பார், என்னைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து.

பார்க்க அது அழகான சாமான் இல்லை. மெதுவடை அளவுக்குப் பெரிசு. கறுப்பு முகம், தடித்த வெள்ளை எண்கள். எண்களின் மேல் இருட்டில் ஒளிர்கிற பூச்சு. இருட்டான விமானத்துக்குள் விளக்குப் போடாமல் மணி பார்ப்பதற்கு அது. நான் வந்த காலத்திலேயே அந்தப் பூச்சு மங்கி மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. சாவி கொடுக்கிற குமிழ் சின்ன வெங்காயம் அளவுக்கு இருக்கும். மேலே குளிர் தாங்காமல் தடித்த தோல் உறை மாட்டிய கையால் திருக வேண்டும், அதற்காக. வார் ரெண்டு முழம் இருக்குமோ என்று தோன்றும். கனத்த கோட்டின் கைக்கு மேலே கட்டுவதற்கு அவ்வளவு நீளம். மாமனாரின் மெலிந்த மணிக்கட்டில் அது ரெண்டு சுற்றுச் சுற்றி மிச்சமும் தொங்கும்.

வலது பக்கம் ரெண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அமுக்கினால் நடுவில் இருக்கும் நீள முள் ஓடத் தொடங்கும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அந்த முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்பும். முகத்தின் விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாக இன்னொரு வரிசை எண்கள். அது மணியும் இல்லை, நிமிடமும் இல்லை. அது எதற்கு என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை.

தண்டவாளம் பார்த்துப் பறந்தவர்கள்

என் வீட்டுக்காரர் சீனிவாசனுக்கு அப்பா சொன்ன விமானக் கதைகள் எல்லாம் மனப்பாடம். சாப்பிடும்போது எனக்குச் சொல்வார்.

ஆதியில் விமானம் ஓட்டினவர்களுக்கு வழி தெரியாதாம். கீழே ரயில் தண்டவாளம் ஓடுகிறதா, அதைப் பிடித்துக்கொண்டே போவார்களாம். ஊர் சந்தேகமானால் தாழ இறங்கி ஸ்டேஷன் பலகையைப் படிப்பார்களாம். தண்டவாளம் ரெண்டாகப் பிரிகிற இடத்தில் தப்பான கிளையைப் பிடித்தால் தப்பான ஊர்தான். மேகம் வந்து மூடிவிட்டால் தண்டவாளமும் இல்லை, ஊரும் இல்லை. அப்போது கையில் இருப்பது மூன்றுதான்: எந்தத் திசை, எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம். இந்த மூன்றையும் வைத்து, கண்ணால் பார்க்காமலே, இந்நேரம் இந்த இடத்துக்கு மேலே இருக்கிறோம் என்று வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். நேரத்தில் கொஞ்சம் பிசகினால் புள்ளி மைல்கணக்கில் பிசகும். எதிரே மலை இருந்தால் கதை முடிந்தது.

"அதுனாலதான் அப்பா நொடிக்குச் சண்டை போடுதாக" என்பார் சீனிவாசன்.

"சட்டினி அரைக்கிறதுக்கு எதுக்கு நொடிக் கணக்கு?" என்பேன் நான். என் வாய் அப்படி.

கதவோடு பேசுவது

வாய் இப்படி இருந்தும் மாமனாரிடம் மட்டும் பேச்சு இல்லை. சண்டை எதுவும் இல்லை, வழக்கம் அது. அந்த வீட்டில் மருமகள் மாமனாரோடு நேரே பேசமாட்டாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் துணிக்கடைக்காரர் மகள். எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் கத்துவோம். இங்கே வந்த மறுநாளே என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், காதோடு சொல்லிவிட்டார்: "அவியகிட்ட எது சொல்லணும்னாலும் எங்கிட்ட சொல்லு. நான் சொல்லிக்கிடுதேன்."

அப்படியே நடந்தது. ரெண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். "அத்தை, மாமாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளுங்க" என்பேன். "ஏங்க, இன்னொரு தோசை வேணுமான்னு கேக்கா" என்பார் அத்தை. "போதும்னு சொல்லு" என்பார் மாமனார். "போதுமாம்" என்பார் அத்தை. அதற்குள் கல்லில் தோசை கருகிவிடும்.

அத்தை வீட்டில் இல்லாத நேரத்தில் கதவோடு பேசுவோம். காப்பியை வைத்துவிட்டுக் கதவைப் பார்த்து, "காப்பி ஆறுது" என்பேன். அவர் கதவைப் பார்த்து, "சீனி கொறைச்சுப் போட்டா நல்லது" என்பார். சிரிக்காதீர்கள். பழகிவிட்டால் இதுவும் ஒரு குடித்தனம்தான்.

நான் சொல்லப்போகிற நாளுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே மாமனாருக்கு ரெண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில், புரை முற்றட்டும், பொறவுதான் ஆபரேஷன் என்று டாக்டர்கள் காக்கவைப்பார்கள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வாட்ச் பார்க்க முடியாது. ஆனாலும் சாவி கொடுப்பதை விடவில்லை. காதோரம் வைத்து ஓட்டத்தைக் கேட்பார். வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

ஆனைக்கு ஒன்று, ஆளுக்கு ரெண்டு

எண்பதுகளின் நடுவில் என்று வையுங்கள். செண்பகத்தோப்பில், மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். சப்பட்டை மாம்பழம் கடைசிப் பறிப்பு. பழுத்த வாசனைக்கு யானை இறங்குகிற பருவம் அது. வீட்டில் தனியாக விட முடியாது என்று மாமனாரையும் அத்தையையும் காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

மலை ஓடையிலிருந்து டியூப் போட்டுத் தோப்புக்குத் தண்ணீர் எடுத்திருந்தோம். மத்தியானம் தண்ணீர் நின்றுவிட்டது. "சருகு அடைச்சிருக்கும். செத்த நேரத்துல வாரேன்" என்று சீனிவாசன் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு ஏறிப்போனார். பையில் அரிவாள், தீப்பெட்டி, கொஞ்சம் ஆனை வெடி. அந்தப் பக்கம் காட்டு ஓரத்துக்குப் போகிற யாரும் வெடி இல்லாமல் போகமாட்டார்கள். சிவகாசிப் பக்கம் கட்டுகிற கனத்த வெடி. கண் கூசுகிற வெளிச்சமும் காது அடைக்கிற சத்தமும் வரும்.

அதற்கு ஒரு முறை உண்டு. ஒரு வெடி கேட்டால் யாரோ யானையை விரட்டுகிறார்கள், நம் வேலையைப் பார்க்கலாம். ரெண்டு வெடி அடுத்தடுத்துக் கேட்டால் ஆள் ஆபத்தில் இருக்கிறான், கிளம்பு.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் பெய்தது. ஆனால் ஓடை செம்மண் நிறத்துக்கு மாறி இரைய ஆரம்பித்தது. தோப்புக் காவல்காரர் முத்தையா டியூப் மாட்டின இடம்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முகமே சரியில்லை.

"ஆளக் காணோம்க்கா. அங்கன ஆனைச் சாணி சூடு ஆறாமக் கெடக்கு. ஆனையப் பாத்துட்டு வேற தடத்துல எறங்கியிருப்பாக."

அவர் சொல்லி முடிக்கவில்லை. ரெண்டு வெடி அடுத்தடுத்துக் கேட்டன. 

முத்தையா "தெக்க" என்றார். பழம் பறிக்க வந்தவர்களில் ஒருவர் "வடக்க" என்றார். இன்னொருவர் நேரே கையைக் காட்டினார். யாரும் பொய் சொல்லவில்லை. மலை ஒவ்வொரு மடிப்பிலும் சத்தத்தை வாங்கித் திருப்பிப் போடுகிறது, எது அசல், எது எதிரொலி என்று எப்படித் தெரியும்? வெளிச்சம் இன்னும் செத்த நேரம்தான். ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

குருவிப்பாறை

அப்போது கட்டிலில் இருந்த மாமனார் கூப்பிட்டார். "ஏலே முத்தையா, எல்லாரும் வாய மூடுங்க. என்னை மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கட்டிலோடு மேலே ஏற்றினோம். அவர் மணிக்கட்டிலிருந்து வாட்ச்சைக் கழற்றினார்.

"வெளிச்சம் உடனே வந்துரும். சத்தம் நடந்துதான் வரும். ஒரு கிலோமீட்டர் நடக்க மூணு நொடி ஆவும். வெளிச்சம் தெரியும்போது முள்ள விடணும், சத்தம் கேக்கும்போது நிப்பாட்டணும். விளிம்புல இருக்கிற நம்பர் எம்புட்டுத் தூரம்னு சொல்லிரும்."

அந்தப் பொடி எண்கள் எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது எனக்கு. மின்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பீரங்கி எங்கேயிருந்து சுடுகிறது என்று பார்க்க வைத்தது.

"கண்ணு உள்ளவுக மலையப் பாருங்க. நான் முள்ள விடுதேன்" என்றார்.

எல்லோரிலும் என் கண்தான் கூர்மை என்று முத்தையா என்னை முன்னால் நிறுத்தினார். நின்றேன். கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூலைக்கு நேரே, மேகத்துக்குள் ஒரு வெளிச்சம் பளிச்சென்று வந்து போயிற்று. மாமனார் ரெண்டடியில் இருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"அத்தை, வெளிச்சம் வந்துருச்சின்னு மாமாகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"ஏங்க, வெளிச்சம் வந்துருச்சாம்" என்றார் அத்தை.

மாமனார் பொத்தானை அமுக்கினார். சத்தம் வந்தது. மறுபடி அமுக்கினார். வாட்ச்சை அத்தையிடம் நீட்ட, அத்தை எதை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். அதைத்தான் முதலில் சொன்னேன், முதன்முதலாக அதைக் கையில் வாங்கியது அப்போதுதான். கனமாக, அவர் கைச்சூட்டோடு இருந்தது. முள் விளிம்பில் ரெண்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றிருந்தது.

"ரெண்டு கிலோமீட்டருக்கு உள்ளன்னு சொல்லுங்க அத்தை."

தொட்டி மூலைக்கு நேரே அந்தத் தூரத்தில் இருப்பது குருவிப்பாறை. ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது. "நெனச்சேன்" என்று முத்தையா கயிற்றை எடுத்தார். ஆட்கள் ஓடையை நோக்கி ஓடினார்கள். தண்ணீர் இடுப்பளவு இருந்தது. இப்போது கடந்தால் கடக்கலாம், கடந்துவிட்டால் தண்ணீர் வடிகிறவரை இந்தப் பக்கம் திரும்பி வர முடியாது.

"கணக்குச் சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமனார், ஒரு மாதிரி நிம்மதியோடு. அத்தை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டாளே தாயே, சரியா இருக்குதாம்ல" என்று என்னிடம் சொன்னார்.

அந்த வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. இதோ, அவர் சொன்னதை இவர் எனக்குச் சொல்கிறார். நான் சொன்னதை இவர் அவருக்குச் சொன்னார். நான் ஒரு முழு வாக்கியம், அத்தை ஒரு முழு வாக்கியம். அதற்குப் பிறகுதான் அவர் விரல் பொத்தானுக்குப் போயிற்று. அதற்குள் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் நடந்திருக்கும்?

மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று அவர்தான் சொன்னார். எங்கள் ரெண்டு வாக்கியத்துக்கே மூன்று நொடி போயிருக்கும். தொட்டி மூலைக்கு நேரே, குருவிப்பாறைக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் தள்ளி என்ன இருக்கிறது? மூங்கில்பள்ளம். ஓடை நடுவில் வளைந்து போவதால் அது இந்தக் கரை. மாடியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் தெரியும்.

முதல் வார்த்தை

சொல்ல வேண்டும். யாரிடம்? அத்தையிடம் சொல்லி, அத்தை அவரிடம் சொல்லி, அவர் ஏன் என்று கேட்டு, அத்தை என்னிடம் கேட்டு. அங்கே முத்தையா தண்ணீரில் காலை வைத்துவிட்டார்.  இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு வாய் வரவில்லை. வெட்கம் இல்லை, பயமும் இல்லை. அத்தனை வருஷமும் போகாத பாதையில் நாக்கு போகமாட்டேன் என்றது.

"மாமா, தப்பு" என்றேன்.

அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமனார் என் குரல் வந்த பக்கம் மெதுவாக முகத்தைத் திருப்பினார்.

"நான் அத்தைகிட்ட சொல்லி, அத்தை உங்ககிட்ட சொல்லி, அதுக்குள்ள நேரம் போயிருச்சு மாமா. நீங்க முள்ள விட்டது லேட்டு. அவுக குருவிப்பாறையில இல்ல. பின்னால இருக்காக."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. அவர் முகம் வெளிறிப்போய்விட்டது.

"அவங்களத் திருப்பு" என்றார். பிறகு உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார். "வாட்ச்ச குடு. முள்ளத் திருப்பி வச்சுத் தாரேன். நீயே அமுக்கு தாயி."

யானையை விரட்ட மாடியில் ஒரு தகரம் கட்டியிருப்போம். அதை அடித்தால் எங்கே இருந்தாலும் திரும்பி வர வேண்டும். அத்தை கட்டையை எடுத்து வெளுத்து வாங்கினார். ஓடைக்கரையில் டார்ச் வெளிச்சம் நின்றது. மாமனார் கீழ்ப் பொத்தானைத் தடவி அமுக்கி, வாட்ச்சை என் கையில் வைத்து, என் கட்டைவிரலைப் பிடித்து மேல் பொத்தானில் பதித்தார்.

இனி இன்னொரு வெடி வர வேண்டும். பையில் எத்தனை போட்டுக்கொண்டு போனார் என்று யாருக்கும் தெரியாது. தீப்பெட்டி நனைந்திருக்கலாம். கை காலில் அடி பட்டிருக்கலாம். ஒன்றும் வரவில்லை. அத்தை தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தார். மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. என் கண்ணில் தண்ணீர் கட்டி மலை கலங்கித் தெரிந்தது, துடைக்கப் பயமாக இருந்தது. துடைக்கிற நேரத்தில் வந்து போய்விட்டால்?

பளிச்சென்று வந்தது.

அமுக்கினேன். "நிப்பாட்டுங்க அத்தை" என்று கத்தினேன். மாமியாரை நான் அதட்டியதும் அன்றைக்குத்தான். தகரம் நின்றது. முள் ஓடியது. குருவிப்பாறை என்றால் இந்நேரம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முள் ரெண்டைத் தாண்டியது. ஓடை இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.

"இப்ப" என்றார் மாமனார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அமுக்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் டமார் என்று பெரிய சத்தம் வந்தது.

"அது பாறையில அடிச்சுத் திரும்புற சத்தம். மொதல்ல பொத்துனாப்பல ஒண்ணு வந்தது பாரு, அதான் அசல்" என்றார். "எங்க நிக்குது?"

"மூணுக்கு ஒட்டி நிக்கு மாமா. துளி கம்மி."

"தெச?"

"அதே தொட்டி மூலைதான்."

நடுவில் யாரும் இல்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன். முத்தையா மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது நாங்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில், "மூங்கில்பள்ளம்" என்றோம்.

ஒரு கோபுரம்

ஆட்கள் போன பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. வாட்ச் என் கையிலேயே இருந்தது. அவர் திருப்பிக் கேட்கவில்லை.

மாமனார் தானாகவே பேசத் தொடங்கினார். ஒரு தடவை சென்னையிலிருந்து தெற்கே திருவனந்தபுரத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். வழியெல்லாம் மேகம். இவர் போட்ட கணக்கில் பைலட்டுக்கு நம்பிக்கை இல்லை. வலது பக்கம் மலை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவர் வியர்த்து வழிகிறார். இவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு பெரிய கோபுரம் தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தெரியவில்லை. நேரம் கடந்துவிட்டது. பைலட் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது என்றார். பிறகு மேகத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது.

"எதிர்க்காத்து. அதான் லேட்டு" என்றார். "அந்தச் செத்த நேரத்துல செத்துப் பொழச்சேன். இப்பவும் அப்படித்தான் இருக்கு."

அத்தை இருட்டிலிருந்து சொன்னார்: "ஏதோ ஏரோப்பிளேன் தலைக்கு மேல போய், காயப்போட்ட வத்தல பூராம் காக்கா கலைச்சாப்பல கலைச்சிட்டுப் போச்சின்னு நான் திட்டுனது அன்னைக்குத்தான். அது இவியதான்னு பொறவுதான் தெரியும்."

மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.  மாமனார் கையை நீட்டிக் கட்டில் சட்டத்தைத் தட்டினார், உட்கார் என்று. அவர் முன்னால் நான் உட்கார்ந்ததும் அதுவரை கிடையாது. உட்கார்ந்தேன்.

நன்றாக இருட்டிய பிறகு தோப்பு முனையில் டார்ச் வெளிச்சம் ஆடியது. முத்தையா தோளில் தொங்கிக்கொண்டு சீனிவாசன் வந்தார். கணுக்கால் முறிந்திருந்தது. யானையைக் கண்டு சுற்றி வரும்போது சறுக்கி மூங்கில்பள்ளத்தில் விழுந்திருக்கிறார். உட்கார்ந்திருந்த பாறையை ரெண்டு பக்கமும் தண்ணீர் சூழ்ந்துவிட்டது. ஆட்கள் கயிறு போட்டு இழுத்தபோது அவர் மார்பளவுத் தண்ணீரில் இருந்தாராம்.

"மொத ரெண்டும் போட்ட பொறவு ஒவ்வொண்ணாத்தான் போட்டேன்" என்றார், பல் கிட்டிக்கொண்டு. "அப்பா வாட்ச்ச எடுத்திருப்பாகன்னு தெரியும். கடைசி வெடிய சட்டைக்குள்ளயே வச்சு நனையாமக் காப்பாத்தினேன். கணக்கு விட்டுப்போகலயேப்பா?"

"விட்டுப்போச்சு" என்றார் மாமனார். "உம் பொண்டாட்டி பிடிச்சிட்டா."

காப்பி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் என் பிறந்த வீட்டுச் சனம், வீட்டுக்காரர் பக்கத்துச் சனம் என்று கூட்டம். எல்லோர் முன்னாலும் நானும் மாமனாரும் பழையபடி அத்தை வழியாகத்தான் பேசினோம். மாடியில் நடந்தது மாடியோடு என்று நினைத்துக்கொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. அதை யாரிடம் சொல்வது?

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. அத்தை கோவிலுக்குப் போயிருந்தார். சீனிவாசன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வானொலியில் செய்திக்கு இன்னும் நேரம் இருந்தது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தேன். தள்ளிப்போய் நின்று, வழக்கம்போலக் கதவைப் பார்த்து, "காப்பி ஆறுது" என்றேன்.

அவர் டம்ளரை எடுக்கவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை கதவிடம் சொன்னேன்.

"கதவா காப்பி குடிக்கப் போவுது?" என்றார் மாமனார். "எங்கிட்ட சொல்லு தாயி. லேட்டாவுதுல்ல."

 கதவை விட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"மாமா, காப்பி ஆறுது" என்றேன்.

"இப்ப கேட்டுச்சு" என்று அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.